பெரணிப்பேன்

இலஞ்சியிலிருந்து வல்லத்துக்குப் போகும் வழியில், தென்னந்தோப்பு முடிந்து மேட்டு வயல் தொடங்குகிற இடத்தில், பச்சை நிழல்வலை போட்ட நீளக் கூடாரம் ஒன்று இருக்கிறது. உள்ளே பூக்கிற செடி ஒன்றுகூடக் கிடையாது. முழுக்கப் பெரணி. வாங்குகிறவர்கள் ஃபெர்ன் என்பார்கள். தொட்டியில் பெரணி, தேங்காய் மட்டையில் கட்டிய பெரணி, கம்பியில் தொங்கும் பெரணி. ஏழு வருஷத்துக்கு முன்னால் முத்துக்குமாரசாமி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, அவன் மனைவி சங்கரேஸ்வரி இருபது தொட்டியோடு ஆரம்பித்தது. இப்போது குற்றாலத்து விடுதிகளிலும், செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக் கல்யாண மண்டபங்களிலும் வாசலில் தொங்குகிற பெரணிகளில் நிறைய இவள் கையில் வளர்ந்தவை. அவள் வளர்ப்பாள். அவன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து வருவான்.

ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன் சிவனணைந்தபெருமாளின் மிளகாய் வயல். வயலின் மூலையில் பழைய கல்கட்டுக் கிணறு. பாகம் பிரித்தபோது கிணறு அண்ணனுக்குப் போனது. ஆனாலும் கூடாரத்துக்கு அங்கிருந்துதான் குழாய். "தண்ணிக்கு என்னலே பாகம்" என்று பெருமாள் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் சாரல் ஒழுங்காக விழவில்லை. ஆனி பிறந்து நாலு நாள் நன்றாகத் தூறியது. குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் மலை மேலே மேகம் மூடிக் கிடக்கும், கீழே வெயில் அடிக்கும், நடுவில் காற்று மட்டும் ஊளையிட்டுக்கொண்டு போகும். அப்படி ஒரு காலையில் சங்கரேஸ்வரி தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்போது, மூன்றாவது வரிசைத் தொட்டிகளில் இலைகள் வெளுத்திருப்பதைக் கண்டாள். கழுவிப் பார்த்தாள். போகவில்லை. பச்சையை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்தது போல, இலையெல்லாம் வெள்ளி பூசிக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளிகள்.

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து வந்து, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, ஒரு இலையை அதன்மேல் தட்டினாள். நூலை ஒரு மில்லிமீட்டருக்கு நறுக்கிப் போட்டது மாதிரி ஏழெட்டு. உற்றுப் பார்த்தபோது அவை ஓடின.

 இலைப்பேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பத்து நாளாக அதே பேச்சுதான். பெருமாளின் மிளகாய்ச் செடியில் இலையெல்லாம் ஓடம் மாதிரி மேலே சுருண்டு, பூ பூவாக உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று தடவை மருந்து அடித்துவிட்டார். வயலுக்குள் போனால் மூக்கு எரியும்.

இன்னொன்றும் அவளுக்கு மட்டும் தெரியும். மாசி மாதம் திருச்சூரிலிருந்து புது வகைத் தாய்ச்செடி முப்பது தொட்டி எடுத்து வந்தாள். இறக்கி வைக்கும்போதே இரண்டு தொட்டியில் லேசாக வெள்ளைக் கோடு இருந்தது. வண்டியில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

தாளை மடித்து அடுப்பில் போட்டாள். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பெருமாள், குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கக் கூடாரத்துக்குள் வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். ஒரு இலையைத் திருப்பினார். உள்ளங்கையில் தட்டினார்.

"இது என்னது சங்கரி?"

"பேன் மாதிரி இருக்கு அத்தான்."

"எத்தன நாளா இருக்கு?"

"இப்பம்தான். ரெண்டு மூணு நாளா."

அவர் வெளியே போய், ஒரு மிளகாய்ப் பூவைப் பறித்து வந்தார். அதையும் கையில் உதறினார். அதிலிருந்தும் ஓடின.

"பாத்தியா? அதுவும் ஓடுது, இதுவும் ஓடுது."

"எல்லாப் பூச்சியும் ஓடத்தான அத்தான் செய்யும்."

"முப்பது வருசமா மொளகா போடுதேன். பேன் வரும், ஒரு மருந்துக்குப் போயிரும். இந்த மாதிரி கண்டதில்ல. தென்காசில மருந்துக்கடைக்காரன் மொதல்ல என்ன கேட்டான் தெரியுமா? பக்கத்துல எவனும் அலங்காரச் செடி வச்சிருக்கானான்னு கேட்டான். நான்தான் எந்தம்பி வீட்டுல அப்பிடி ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து மிளகாய்க்காரர்கள் நாலு பேர் பெருமாளோடு கூடாரத்துக்கு வந்தார்கள். அதில் விஜயசங்கர் என்பவர்தான் அதிகம் பேசினார். அவருக்கு முக்கால் ஏக்கர் போய்விட்டது.

"பூவும் இல்ல, காயும் இல்ல, ஒண்ணுக்கும் ஆகாத இலை. அதுக்காவ நாங்க மொளகாய விட முடியுமா? வார வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தயும் பிடுங்கிக் கொளுத்திருங்க. மனஸ்தாபம் வேண்டாம்."

"அது இதுதான்னு யாரு சொன்னா?" என்றான் முத்துக்குமாரசாமி.

"கண்ணு சொல்லுது."

பெருமாள் தம்பியைப் பார்க்காமல் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலம் கூடாரத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் அறை பூட்டியிருந்தது. அவர் மனைவி உலகம்மை வரப்பில் நின்று, "நான் சொல்லிப் பாத்தேன் சங்கரி, கேக்கமாட்டேங்காவ" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

புருஷனும் பெண்டாட்டியும் வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஆயிரத்து இருநூறு தொட்டி. பாதிக்கு ஊற்றியபோதே தோள் கழன்றது. கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கேட்டாள்.

"ஏங்க, திருச்சூர்ல இருந்து நாமதான் கொண்டாந்துட்டமோ?"

"தெரியல."

"அப்பவே ரெண்டு தொட்டில வெள்ள இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுதான் விட்டேன்."

அவன் குடத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். "பிடுங்கிருவோமா?"

"நாமதான்னு தெரிஞ்சா நானே கொளுத்திருவேன். தெரியாமக் கொளுத்தமாட்டேன்."

யாரைக் கேட்டால் தெரியும் என்று யோசித்தபோதுதான் அவளுக்குப் பெர்சிஸ் ஞாபகம் வந்தது. போன மாதம் ஐந்தருவி ரோட்டில் ஒரு விடுதிக்குச் செடி இறக்கப் போனபோது, கல்லூரி டீச்சர் ஒருத்தி ரோட்டோரத்துப் பெரணிப் புதரை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் வளைத்துக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றுலா வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சங்கரேஸ்வரியும் போய்ப் பார்த்தாள். அந்த டீச்சர்தான் பெர்சிஸ். இலைப்பேன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, "உங்க செடில வெள்ள விழுந்தா, மருந்தடிக்க முந்தி எனக்கு ஒரு போன் போடுங்கக்கா" என்று நம்பர் கொடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெர்சிஸ் வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பாவூர்சத்திரத்துக்காரி. அப்பா சந்தையில் காய்கறி வியாபாரம். தோள்பையில் வெள்ளைத் தட்டு, மெல்லிய தூரிகை, விரல் அளவு கண்ணாடிக் குப்பிகள். இலையைத் தட்டினாள், தூரிகையின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பேனாகத் தொட்டு எடுத்தாள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் நகத்தளவு சீட்டில் ஊர், தேதி, செடி, சேகரித்தவர் பெயர் என்று பென்சிலால் எழுதிப் போட்டாள். கொஞ்சம் பேனை இலையோடு உயிராகவே ஒரு பையில் கட்டிக்கொண்டாள்.

பெருமாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க மொளகாலயும் கொஞ்சம் எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"எடுங்க. எடுத்து என்ன செய்யப் போறிய? அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னுதான் சொல்லுவேன். இந்த அக்காவுக்காவ மாத்திச் சொல்லமாட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நன்றாகச் சுருண்ட செடியாகப் பார்த்து அவரே ஒடித்துக் கொடுத்தார்.

"பாத்தா எப்படித் தோணுது டீச்சர்?" என்றாள் சங்கரேஸ்வரி.

"பாத்தவொடன சொன்னா அது ஜோசியம்க்கா. கண்ணாடில வச்சு, ரெக்கை, கொம்பு, முடி எல்லாத்தையும் எண்ணணும். ரெண்டு மூணு நாளாகும். இன்னொண்ணும் இருக்கு. இது என்ன பேன்னு மட்டும் தெரிஞ்சா பத்தாது. எங்கெங்க இருக்குன்னும் தெரியணும். உங்க கூடாரத்துல மட்டும் இருந்தா, தொட்டியோட வந்ததுன்னு அர்த்தம். சுத்துவட்டாரம் பூரா இருந்தா கதை வேற. எனக்கு ரோட்டோரம் ரெண்டு எடம்தான் தெரியும். காட்டுக்குள்ள போவ அனுமதி கெடையாது. வெளிய எங்கெங்க ஃபெர்ன் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் சங்கரேஸ்வரி.

புதன்கிழமை விடிந்ததும் லோடு ஆட்டோ கிளம்பியது. முத்துக்குமாரசாமி ஓட்ட, பக்கத்தில் டீச்சர், பின்னால் சங்கரேஸ்வரி. முதலில் மேற்கே. புளியரையில் ரயில் பாலத்துச் சுவர், பண்பொழிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் மதகு, மேக்கரை ரோட்டில் ஈரம் கசியும் பாறை. எங்கே கல் வியர்க்குமோ அங்கெல்லாம் அவளுக்குப் பெரணி தெரியும். அவள் காட்டக் காட்டப் பெர்சிஸ் தட்டினாள். சில இடத்தில் ஒன்றுமே விழவில்லை. புளியரைச் சுவரில் விழுந்தது. மேக்கரையில் நிறையவே விழுந்தது. இலையில் அதே வெள்ளி, அடியில் அதே கறுப்புப் புள்ளி.

"அப்பம் மலையில இருக்கு" என்றான் முத்துக்குமாரசாமி.

"மலையில இருக்கு. ஆனா உங்க செடி மலையோர விடுதிக்கெல்லாம் போயிருக்கே அண்ணாச்சி. அங்கன இருந்து பரவுச்சுன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்ல? உங்க செடி போகாத பக்கம் பாக்கணும்."

அவர்கள் செடி போகாத பக்கம் வடக்கே சிவகிரி. கடையநல்லூர் தாண்டியதும் காற்று காய்ந்துபோனது. ரோட்டோரம் உடைமரமும் எருக்கும்தான். ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, புளிச்சோற்றையும் தேங்காய்த் துவையலையும் பிரித்தார்கள். பெர்சிஸ் சோர்ந்துபோயிருந்தாள்.

"இங்கன ஃபெர்ன் எப்படிக்கா இருக்கும்? குடிக்கவே தண்ணி இல்ல."

சங்கரேஸ்வரி கை கழுவிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். தூரத்தில், மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கமலைக்கல் ஒன்று தெரிந்தது.

"கெணத்துக்குள்ள இருக்கும் டீச்சர். வெளிய எவ்வளவு வறண்டாலும் கல்லு இடுக்குல குளுமை இருக்கும்லா?"

இருந்தது. தண்ணீர் எட்டாத ஆழத்தில் கிடந்த அந்தத் தோட்டக்கிணற்றில், வடக்குச் சுவர் முழுக்கப் பெரணி. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முத்துக்குமாரசாமி படிக்கல்லில் இறங்கி, பாலித்தீன் பைக்குள் ஒரு கொத்தை விட்டு முடிந்து அறுத்து வந்தான். பையைத் தட்டின் மேல் உதறியபோது மூன்று பேரும் குனிந்தார்கள். ஐந்து பேன்கள் ஓடின. பெர்சிஸ் தூரிகையை எடுக்க மறந்து சிரித்தாள்.

 திரும்பி வந்து வீட்டு முன்னால் இறங்கியதும், சங்கரேஸ்வரி முகம்கூடக் கழுவாமல் நேரே வரப்புக்குப் போனாள். பெருமாள் உதிர்ந்த பூக்களைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்க கெணத்துக்குள்ள எறங்கிப் பாக்கணும்."

"தண்ணிக்கா?"

"தண்ணி கேக்கல. சுவத்துல இருக்க செடியப் பாக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் டீச்சரும் தம்பியும் நின்றார்கள். கால்சட்டையெல்லாம் செம்மண். "பாத்துக்கோ" என்றார்.

தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பெருமாளே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தம்பி இறங்கிப் பத்தடி ஆழத்தில் நின்று சொன்னான்: "அண்ணே, இங்கன பூராம் வெள்ள விழுந்து கெடக்கு. புதுசும் கெடக்கு, பழசாக் காஞ்சதும் கெடக்கு."

மேலே கொண்டு வந்த கொத்தைப் பெர்சிஸ் தட்டும்போது பெருமாள் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கிணற்றிலிருந்து மிளகாயின் முதல் வரிசை மூன்று எட்டுதான்.

"இது எப்பம் இருந்து இருக்கும் டீச்சர்?"

"தெரியாது அண்ணாச்சி. காஞ்ச இலையப் பாத்தா போன வருசத்துக்கு முந்தியே இருந்திருக்கும்னு தோணுது. அப்பம் உங்க மொளகாய்க்கு ஒண்ணும் ஆகலயே. வெள்ளிக்கிழம வந்து மிச்சத்தச் சொல்லுதேன்."

வெள்ளிக்கிழமை நாலு மிளகாய்க்காரர்களும் வந்தார்கள். பெர்சிஸ் மதிய பஸ்ஸில் வந்து, கூடாரத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். நுண்ணோக்கியில் எடுத்த படங்கள். அரிசி அளவுகூட இல்லாத பூச்சி திரை முழுக்க நின்றது. சிறகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி முடிகள். விஜயசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது மொளகாப் பூவுல எடுத்தது. கொம்புல கணுவ எண்ணுங்க. ஏழு. இது சில வருசமா வடக்க இருந்து தெற்க வந்துக்கிட்டு இருக்க பேன். மொளகாய உண்டு இல்லன்னு ஆக்கிரும். இது ஃபெர்ன்ல எடுத்தது. கணு எட்டு. சாதியே வேற. பெங்களூர்ல எங்க சாருக்குப் படம் அனுப்புனேன், அவரும் அப்படித்தான் சொல்லுதாரு. ஃபெர்ன் தின்னுற இனம். முழுப்பேரு முடிவா சொல்ல இன்னும் கொஞ்ச நாளாகும்."

"ஃபெர்ன் தீந்துபோனா மொளகாய்க்கு வராதா?" என்றார் விஜயசங்கர்.

பெர்சிஸ் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து வைத்தாள். வாயில் துணி கட்டியிருந்தது. "செவ்வாய்க்கிழம சாயங்காலம் ரெண்டுலயும் ஃபெர்ன் பேன் இருவது இருவது விட்டேன். இதுல ஃபெர்ன் இலை. இன்னும் தின்னுக்கிட்டு இருக்கு. இதுல மருந்து படாத மொளகா இலை. ஒண்ணுகூட உசிரோட இல்ல. இலையில ஒரு கீறல் இருக்கான்னு நீங்களே பாருங்க. இது சின்னச் சோதனைதான், இன்னும் நாலஞ்சு தடவ செய்யணும். ஆனா இந்த செடியக் கொளுத்திட்டா மட்டும் மொளகா பொழச்சிராதுன்னு இன்னைக்கே சொல்லுவேன்."

பாட்டில் கை மாறிப் போனது.  சங்கரேஸ்வரி கை கட்டி ஓரத்தில் நின்றவள், முன்னால் வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். மாசில திருச்சூர்ல இருந்து தொட்டி எடுத்தாந்தேன். அப்பவே ரெண்டுல வெள்ள இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல. அத்தான் கேட்டப்பவும் சொல்லல."

முத்துக்குமாரசாமி தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"அந்தத் தொட்டில இந்தப் பேன் இருந்திருக்கலாம்க்கா" என்றாள் பெர்சிஸ். "ஆனா சிவகிரிக் கெணத்துக்கு உங்க தொட்டி போவல."

பெருமாள் பாட்டிலை மேஜையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அப்பிடிப் பாத்தா நானும் சொல்லணும்லா. எப்பமும் நாத்து நானே பாவுவேன். இந்த வருசம் முதுகு ஒத்துழைக்கல. வெளியூர் நர்சரில பிளாஸ்டிக் தட்டுல வளத்த நாத்து வாங்கியாந்தேன். வாங்கும்போதே நுனி லேசா சுருண்டுதான் இருந்துச்சு. வெயில்ல வந்த வாட்டம்னு நெனச்சேன்." விஜயசங்கரைப் பார்த்தார். "நீரும் அங்கனதான வாங்குனீரு?"

விஜயசங்கர் மடிக்கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, "சரி, இந்த ஏழு கணுக்காரனுக்கு என்ன செய்ய?" என்றார்.

அதற்கு அப்புறம் அங்கே பேச்சு வேறு மாதிரி ஆனது. கண்ட மருந்தைக் கலந்து அடித்ததில் பேனைத் தின்கிற பூச்சிகளும் செத்துப்போனதைப் பெர்சிஸ் சொன்னாள். வேளாண்மை அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் நீல அட்டையை எந்த உயரத்தில் கட்டுவது, சுருண்ட நுனியைக் கிள்ளி எரிப்பது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். உலகம்மை எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொண்டு வந்தாள். நடுவில் பெருமாள் எழுந்து போனார். சற்று நேரத்தில் குழாயில் காற்று கக்கிக்கொண்டு தண்ணீர் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெருமாளுக்குப் பாதி வயல் போனது போனதுதான். மீதியில் ஆவணிக் கடைசியில் புதுப்பூ நின்றது, காய் பிடித்தது. விஜயசங்கர் மிளகாயை அழித்து உளுந்து போட்டார். சங்கரேஸ்வரி வெளுத்த இலைகளையெல்லாம் அடியோடு வெட்டி எரித்தாள். ஒரு மாதத்துக்குக் கூடாரம் மொட்டையாகக் கிடந்தது. இரண்டு விடுதிக்காரர்கள் வேறிடம் போனார்கள். பிறகு ஒவ்வொரு தொட்டியிலும் நடுவிலிருந்து பச்சைச் சுருள்கள் எழும்பி அவிழ ஆரம்பித்தன. இப்போது வாரம் ஒருநாள் அவள் வெள்ளைத் தட்டோடு வரிசை வரிசையாகப் போய்த் தட்டிப் பார்க்கிறாள். பேன் இருக்கிறது, ஆனால் எண்ணும்படி இருக்கிறது.

பெர்சிஸ் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். மலையோரம் பதினாலு, சமவெளியில் ஆறு. கிழக்கே எதுவரைக்கும் இந்தப் பேன் போகிறது என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பக்கம் யாரும் தேடியதில்லை என்று ஒருநாள் பெருமாள் வீட்டில் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் பெருமாள் கிழக்கே கரிசல் பக்கத்துத் திருவேங்கடம் ஊருக்குப் போனார். அங்கேதான் மகள் வேல்விழியைக் கட்டிக் கொடுத்திருந்தது. போன மூன்றாம் நாள் காலை சங்கரேஸ்வரிக்குப் போன் வந்தது.

"சங்கரி, நான்தான். டீச்சர் நம்பர் எங்கிட்ட இல்ல."

"என்ன அத்தான்? வேல்விழி நல்லாருக்காளா?"

"அவளுக்கென்ன, நல்லாருக்கா. இங்கன சம்பந்தகாரர் தோட்டத்துல ஒரு பாழுங்கெணறு கெடக்கு. கரிசக்காடு, ஒரு பொட்டுப் பச்ச கெடையாது. உள்ள எட்டிப் பாத்தா உன் செடி நிக்கி. மாப்பிள்ளைய எறக்கி ஒரு கொத்து எடுத்தாரச் சொன்னேன். வேல்விழி சாப்பாட்டுத் தட்டுல தட்டுனேன்."

"ஓடுதா?"

"ஓடுது. பதினொண்ணு எண்ணுனேன், பொறவு கலஞ்சு போச்சு. குப்பில போட இங்கன ஸ்பிரிட்டு இல்ல. மாப்பிள்ள பிராந்தி வச்சிருக்காரு. அதுல போட்டா கெட்டுப்போவாதே?"

சங்கரேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, டீச்சரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கேட்டாள். அரைநாளைக்குத் தாங்கும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பெர்சிஸ் சொன்னதைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் குப்பி மூடி திருகும் சத்தம் கேட்டது. யாரையோ "மூச்சு விடாதலே, பறந்துரும்" என்று பெருமாள் அதட்டினார். பிறகு போனுக்கு வந்தார்.

"சீட்டுல ஊரு, தேதி எழுதணும்லா? பொறவு பிடிச்சவன் பேரும்."

"ஆமா. உங்க பேருதான் எழுதணும்."

"எம்பேரு நீளம். அந்த நகத்தளவு சீட்டுல அடங்குமா?"

"அடங்கும் அத்தான். நீங்க குப்பியப் பத்திரமாக் கொண்டாங்க. முழுசா எழுதிரலாம்."